தீப்பெட்டிக்கு நாலு சக்கரம்

கார் கடன் கேட்டு வருகிறவர்களிடம் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை வருஷம் என்று பேசி முடித்ததும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "சார், நீங்க எத்தனையோ பேருக்கு லோன் போட்டிருப்பீங்க. இந்த ரெண்டுல எதை எடுக்கலாம்?" நான் படித்தது பி.காம். இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பானட்டைத் திறந்தால் அது அங்கே இருக்கும் என்பதுதான் :-) ஆனாலும் நாக்பூரில் இத்தனை வருஷம் வங்கியில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் படிக்க வேண்டியதாகிவிட்டது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

செல்போனில் காட்டுகிற இரண்டு படங்களில் ஒன்று பெரும்பாலும் கூரை சரிந்து, பின்பக்கம் ஒடுங்கி, ஓடுகிற மான் மாதிரி இருக்கும். இன்னொன்று தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து நாலு சக்கரம் மாட்டினது போல இருக்கும். இப்போது காம்பாக்ட் எஸ்.யு.வி. என்ற பெயரில் வருகிறவற்றில் பாதி இந்த ரகம். கணவருக்குப் பிடித்தால் மனைவிக்குப் பிடிக்காது, இரண்டு பேருக்கும் பிடித்தால் பையன் "பிரெட் பாக்கெட் மாதிரி இருக்கு" என்பான். லட்சணமா, உபயோகமா? ஏதோ இந்தத் தலைமுறையின் சண்டை என்று நினைக்காதீர்கள். இந்தச் சண்டைக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது.

காற்றும் தொப்பியும்

அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1934-ல் ஏர்ஃப்ளோ என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. கார்ல் பிரீர் என்ற பொறியாளர் காற்றுச் சுரங்கம் வைத்துச் சோதனை செய்து பார்த்திருக்கிறார். அந்தக் காலத்துக் கார்கள் முன்பக்கமாகப் போவதைவிடப் பின்பக்கமாகப் போனால் காற்றை நன்றாகக் கிழிக்கும் என்று தெரியவந்தது! எனவே காற்றுக்கு ஏற்றபடி வழவழவென்று ஒரு வண்டி செய்தார்கள். பின் இருக்கையைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்தினார்கள். அதனால் குலுங்கல் குறைந்தது, உள்ளே இடமும் கூடியது. எல்லா விதத்திலும் நல்ல வண்டி. ஆனால் அதன் முகம் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. நீண்ட பானட்டும் நிமிர்ந்த ரேடியேட்டரும்தான் அப்போது அழகு. 1937-ஓடு ஏர்ஃப்ளோ நின்றுபோனது.

அடுத்த காட்சி இதற்கு நேர் எதிர். 1935-ல் கிரைஸ்லரின் தலைவராக வந்த கே.டி.கெல்லர் சூடு கண்ட பூனை. விஷப்பரீட்சையே வேண்டாம், உட்காருகிறவன் தலையில் தொப்பியோடு வசதியாக உட்கார்ந்தால் போதும் என்பது அவர் கொள்கை. போருக்குப் பிறகு 1949-ல் வந்த கிரைஸ்லர் வண்டிகள் உயரமாக, நிமிர்ந்து, பீரோ மாதிரி இருந்தன. ஏறி இறங்க அருமை. ஆனால் போட்டிக் கம்பெனிகளோ வண்டியை நீளமாக்கி, தாழ்வாக்கி, பளபளப்பாக்கிக்கொண்டிருந்தன. விளைவு, விற்பனையில் இரண்டாம் இடத்தில் இருந்த கிரைஸ்லர் 1950-களின் தொடக்கத்தில் அதை ஃபோர்டிடம் பறிகொடுத்தது.

பிறகு வர்ஜில் எக்ஸ்னர் என்ற வடிவமைப்பாளரை நம்பி 1955-ல் புது முகத்தோடு வந்தார்கள். விற்பனை எகிறியது. 1957-ல் பின்பக்கம் மீன் துடுப்பு வைத்துத் தாழ்வான, அழகான வண்டிகள். கூட்டம் மொய்த்தது. அவசரமாகச் சந்தைக்கு வந்ததால் தண்ணீர் ஒழுகுகிறது, துருப்பிடிக்கிறது என்ற புகார்களும் மொய்த்தன.

ஒரே கம்பெனியில் கால் நூற்றாண்டுக்குள் மூன்று பாடம். நல்ல வண்டி முகத்தால் தோற்றது. வசதியான வண்டி பழைய தோற்றத்தால் தோற்றது. அழகான வண்டி ஜெயித்தது, வாங்கினவர்தான் தோற்றார்.

அழகைப் பற்றி யாரும் கேட்காத இடம்

இப்போதைய பெட்டி வண்டிகளின் பாட்டன் பிறந்தது ஷோரூமுக்காக அல்ல, போருக்காக. 1940-ல் அமெரிக்க ராணுவம் லேசான நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும், மாதிரியை 49 நாளில் காட்ட வேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி கார்ல் ப்ரோப்ஸ்ட் என்பவரை வைத்து வரைந்து, அந்தக் கெடுவுக்குள் செய்து கொடுத்தது. பெரிய ஆர்டர்கள் போனது என்னவோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும்தான் (சின்னக் கம்பெனிகளின் தலையெழுத்து!). போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் செய்யப்பட்டன. தட்டையான தகடு, தட்டையான கண்ணாடி, தட்டையான மட்கார்டு. வளைவு என்றால் அச்சு வேண்டும், அச்சு என்றால் காலம் வேண்டும். காலம்தான் அப்போது இல்லை.

இங்கிலாந்தில் 1948-ல் வந்த லேண்ட் ரோவரின் கதையும் அப்படியே. போருக்குப் பிறகு எஃகுக்கு ரேஷன். ஆகவே உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பெரிய அச்சு எந்திரங்கள் தேவைப்படாதபடி தட்டைத் தகடுகளாகவே வைத்துக்கொண்டார்கள். பச்சை நிறமும் ரசனையால் வந்ததல்ல. ராணுவ விமானங்களுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயிண்ட் அது.

நம் நாட்டுக்கு ஜீப் வந்த வழியில் ஒரு சின்னச் சரித்திர ஆச்சரியம் உண்டு. 1945-ல் மஹிந்திரா சகோதரர்கள் தொடங்கிய கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. கூட்டாளியான மாலிக் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறியது. வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியவர்கள் இவர்கள்தான்.

அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. நம்ம ஊரில் ஜீப் என்றால் யார்? தாசில்தார், பி.டி.ஓ., இன்ஸ்பெக்டர், தேர்தல் நேரத்தில் மைக் கட்டின வேட்பாளர். தெருவில் ஜீப் நுழைந்தால் பெரியவர்கள் திண்ணையைவிட்டு எழுந்து நிற்பார்கள். அவசரத்தாலும் தட்டுப்பாட்டாலும் உண்டான அந்தச் சதுர உருவத்தின் மேல் நாற்பது ஐம்பது வருஷமாக அதிகாரம் வந்து படிந்தது. இன்றைக்கு நிமிர்ந்த முகம் உள்ள வண்டியைப் பார்த்து "கெத்தா இருக்கு" என்று பையன்கள் சொல்கிறார்களே, அந்தக் கெத்தில் பாதி தாசில்தார் ஜீப்பிலிருந்து வந்தது என்பது என் கட்சி.

முக்காலியும் சாய்வு நாற்காலியும்

பெட்டி உருவம் குடும்ப வண்டிக்கு வந்தது வேறு வழியாக. ஜப்பானில் கேய் என்று ஒரு ரகம். இந்த அளவுக்குள் இருந்தால் வரியும் இதர செலவும் குறைவு என்று அரசாங்கம் வைத்த வரம்பு. 1990-ல் அந்த வரம்பு நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சி.சி. நீளமும் அகலமும் கையைக் கட்டிப்போட்டன. உயரத்தில் மட்டும் தாராளமாக இடம் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சுசுகி 1993-ல் செய்ததுதான் வேகன் ஆர்.

இதில் உள்ள கணக்கு நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. சாய்வு நாற்காலியில் ஒருவர் காலை நீட்டிப் படுக்க ஐந்தடி, ஆறடி நீளம் வேண்டும். அதே ஆள் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டடி போதும். தாழ்வான கார் என்பது சாய்வு நாற்காலி, காலை முன்னால் நீட்ட வேண்டும். உயரமான கார் என்பது முக்காலி, கால் கீழே தொங்கும். ஆகவே சின்ன நீளத்தில் நாலு பேரைச் சிரமமில்லாமல் உட்கார வைக்க வேண்டுமென்றால் கூரையை உயர்த்துவதுதான் வழி.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் 1998-ல் நம் ஊர் வழியாக வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை போட்டு, செப்டம்பரில் சான்ட்ரோவை வெளியிட்டது. அதுவரை சின்னக் கார் என்றால் 1983-ல் வந்த மாருதி 800 மாதிரி தாழ்வாக இருக்கும் என்று பழகின கண்ணுக்கு அது விநோதமாகப்பட்டது. முட்டாக்குப் போட்ட மாதிரி என்றார்கள், கூன் விழுந்த மாதிரி என்றார்கள். கம்பெனி அதைக் குறையாக மறைக்காமல் 'டால் பாய்' என்று பெயர் வைத்து, ஷாருக் கானை வைத்து விளம்பரம் செய்தது. 1999 டிசம்பரில் மாருதி வேகன் ஆரைக் கொண்டுவந்தது. சான்ட்ரோவாவது ஓரங்களை உருட்டியிருந்தது. வேகன் ஆர் ஒளிவுமறைவே இல்லாத டப்பா. இரண்டுமே சிரிப்பைத் தாண்டி நின்றன. சான்ட்ரோ ஒருமுறை நின்று 2018-ல் திரும்பி வந்து மறுபடி போய்விட்டது. வேகன் ஆர் என்ற பெயர் இருபத்தைந்து வருஷத்தைத் தாண்டியும் இங்கே ஓடுகிறது.

காரணம் பெரிய தத்துவம் இல்லை, முழங்கால்தான். என் அம்மா எங்களோடு இருக்க வந்த புதிதில் நண்பர் ஒருவரின் தாழ்வான காரில் கோயிலுக்குப் போனோம். இறங்கும்போது இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு டி.வி.ல நாடகம் இருக்கு" என்பார். நாடகம் இல்லை, கூச்சம். நாலு பேர் பார்க்கத் தூக்கிவிட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். ஊரைவிட்டு வந்து மொழி தெரியாத இடத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் வெளியே போவதுதான் உலகம். கார் இருக்கையின் உயரம் அந்த உலகத்தின் வாசற்படி. இடுப்பு உயரத்தில் இருக்கை இருந்தால் அப்படியே உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொள்ளலாம். ரொம்ப உயரமாக இருந்தாலும் கஷ்டம், படி ஏற வேண்டும். வேகன் ஆர் உயரம் இந்த விஷயத்தில் கச்சிதம்.

சிதம்பரம் போட்ட கோடு

இனி என் பாடம், வரி. 2006 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் எது? நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமல், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மிகாமல் இருக்க வேண்டும். ஜப்பானின் கேய் போல இங்கேயும் ஒரு கோடு. ஒரே ஒரு வித்தியாசம், இந்தக் கோடு நீளத்தை மட்டும் அளந்தது. அகலம், உயரம் உங்கள் இஷ்டம்.

கோட்டைப் போட்டதும் ரம்பத்தை எடுத்தார்கள். டாடா 2008-ல் இண்டிகோவின் வாலை நறுக்கி இண்டிகோ சி.எஸ். என்று விட்டது. 2012-ல் டிசையரும் வாலைக் குறைத்துக்கொண்டது. அதே வருஷம் மஹிந்திரா தன் ஸைலோவைப் பின்னால் வெட்டி குவான்டோ ஆக்கியது. இவற்றைப் பார்த்தால் டெய்லர் துணி பற்றாமல் முடித்த சட்டை ஞாபகம் வரும். நாலு மீட்டருக்குள் டிக்கியைத் தனியாக நீட்டினால் லட்சணம் கெடுகிறது. பின்பக்கத்தை நேராக இறக்கிவிட்டால் லட்சணமும் தப்பிக்கிறது, இடமும் மிஞ்சுகிறது. ஆக, பெட்டி!

2013-ல் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு எகோஸ்போர்ட் வந்து இந்தச் சந்தையைத் திறந்தது. பின்கதவில் ஸ்டெப்னியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க ஜீப் களை. ஆனால் கதவு பக்கவாட்டில் திறக்கும், பின்னால் ஒரு வண்டி ஒட்டி நின்றால் டிக்கியிலிருந்து பையை எடுப்பது கஷ்டம். அழகுக்குக் கொடுத்த விலை அது. 2016-ல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா நிமிர்ந்த முகத்தோடு வந்து அள்ளியது. இவையெல்லாம் பேருக்குத்தான் எஸ்.யு.வி. இரண்டிலுமே முன்சக்கர இழுவைதான், மலை ஏறும் ஜீப்பின் வேலையை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் நாலு மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருப்பவற்றுக்கு 18 சதவீதம், வெளியே இருப்பவற்றுக்கு 40 சதவீதம். இன்ஜின் அளவு நிபந்தனையும் சேர்த்துத்தான். கோட்டின் இரு பக்கமும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்வரை பெட்டி உருவமும் இருக்கும். பட்ஜெட் காகிதமும் ஒரு வகையில் டிசைனர்தான்.

உள்ளிருந்து வந்த பெட்டி, வெளியே ஒட்டின பெட்டி

இதுவரை சொன்ன பெட்டிகள் எல்லாம் ஏதோ ஒரு நெருக்கடியால் பெட்டியானவை. ராணுவக் கெடு, எஃகு ரேஷன், கேய் வரம்பு, நாலு மீட்டர். கடந்த சில வருஷங்களில் கதை திரும்பிவிட்டது. பெட்டி உருவமே விற்கிற சரக்காகிவிட்டது. நாம் பணம் கொடுப்பவர்கள் என்பதால் இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்.

கம்பெனிகள் சொல்லும் அளவுகளையே பாருங்கள். 2019-ல் வந்த வேகன் ஆரின் நீளம் 3,655 மில்லிமீட்டர், டிக்கி 341 லிட்டர். 2022-ல் வந்த பிரெஸ்ஸாவின் நீளம் 3,995 மில்லிமீட்டர், டிக்கி 328 லிட்டர். ஒரு அடிக்கு மேல் நீளம் கூடியும் டிக்கி 13 லிட்டர் குறைவு! கூடுதல் நீளமும் அகலமும் முகத்துக்கும் மட்கார்டுக்கும் இருக்கைகளுக்கும் போயின. பிரெஸ்ஸா மோசம் என்று சொல்லவில்லை, பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தால் அந்த அகலத்தின் அருமை தெரியும். கொடுக்கிற பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் ஜிம்னி. 1970-ல் ஜப்பானில் பிறந்த குட்டி ஜீப் வம்சம், நம் பழைய ஜிப்ஸியின் உறவு. ஐந்து கதவு ஜிம்னி 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்தது. நீளம் 3,985 மில்லிமீட்டர், நாலு பேருக்கு இடம், டிக்கி 208 லிட்டர். பார்த்தவர்கள் எல்லாம் ஆஹா என்றார்கள், வாங்கினவர்கள் கொஞ்சம். குருகிராமில் செய்த அதே வண்டி 2025 ஜனவரியில் நோமாட் என்ற பெயரில் ஜப்பானுக்குப் போனபோது நாலே நாளில் ஏறக்குறைய 50,000 ஆர்டர் குவிந்து முன்பதிவையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரே வண்டி, ஒரே அழகு. எனக்குத் தோன்றுவது, இங்கே நம்மில் பலருக்கு அது வீட்டின் ஒரே கார். ஐந்தாவது ஆளும் ஆறு பையும் எங்கே என்று கேட்டுவிட்டால் அழகால் பதில் சொல்ல முடியாது.

அப்படியென்றால் அழகுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. 2021-ல் வந்த டாடா பஞ்ச் 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் ஆனது, வேகன் ஆரையும் தாண்டி. அதில் ஜீப் களையும் இருக்கிறது, கதவு 90 பாகை திறந்து பெரியவர்களுக்கு வழியும் விடுகிறது. ஏழு வருஷம் இ.எம்.ஐ. கட்டப் போகிற பொருளைப் பார்த்துத் தினமும் முகம் சுளிக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. தொண்ணூறு வருஷச் சரித்திரம் சொல்வதும் அதுதான். ஏர்ஃப்ளோவைப் போல அழகை அலட்சியம் செய்தால் தோல்வி, துடுப்பு வைத்த கார் போல அழகை மட்டும் நம்பினால் ஒழுகல்.

பெட்டிக்கு ஒரு செலவு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 120-ல் அது 2.25 மடங்கு. நிமிர்ந்த முகமும் செங்குத்தான முதுகும் அதை இன்னும் கூட்டும். ஊருக்குள் பள்ளிக்கூடம், ஆபீஸ், சந்தை என்று ஓட்டுகிறவருக்கு இது பொருட்டே இல்லை. இங்கிருந்து மும்பைக்குப் போகும் 701 கிலோமீட்டர் சம்ருத்தி சாலையில் மாதம் இரண்டு முறை விரட்டுகிறவருக்கு பெட்ரோல் பில்லில் தெரியும்.

நம்மைப் போன்ற குடும்பங்கள் சென்னைக்குக் காரில் போவது அபூர்வம், ஜி.டி. எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நம் காருக்கு உள்ள பெரிய வேலை, அந்த ரயிலில் வந்து இறங்கும் அப்பா அம்மாவையும், அவர்கள் கட்டிக்கொண்டு வரும் அரிசி, புளி, வடகம், ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றையும் ஒரே நடையில் வீடு சேர்ப்பது. இந்த வேலைக்கு டிக்கி வாய் அகலமாக, கீழ் உதடு தாழ்வாக இருக்க வேண்டும். லிட்டர் கணக்கு காகிதத்தில் அழகாக இருந்து, பெட்டியை மார்பு உயரத்துக்குத் தூக்கி உள்ளே இறக்க வேண்டியிருந்தால் பிரயோசனம் இல்லை.

ஆகவே கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போகும்போது வீட்டிலேயே மூத்தவரையும், வீட்டிலேயே பெரிய சூட்கேஸையும் கூட்டிப் போங்கள். விற்பனைப் பையன் சன்ரூஃபைத் திறந்து காட்டும் முன்பாக, பெரியவர் யார் கையையும் பிடிக்காமல் இரண்டு முறை ஏறி இறங்கட்டும். சூட்கேஸை நீங்களே தூக்கி வைத்து எடுங்கள். பின் இருக்கையில் மூன்று பேர் பத்து நிமிஷம் உட்காருங்கள். இதிலெல்லாம் தேறினவற்றுக்குள் எது அழகு என்று வீட்டில் எல்லோருமாக ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம். கலர் விஷயத்தில் மட்டும் என்னைக் கேட்காதீர்கள், அதில் எங்கள் வீட்டிலேயே எனக்கு ஓட்டுரிமை கிடையாது.